மறுகட்டமைப்பில் இருக்கும் ஹாக்கி அணியைப் பற்றி வாதிடுவது எப்படி: ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் புதிய ரசிகர்களுக்கு

வாகனத் தொழிலால் வளர்ந்த ஓசூருக்கும், அதே தொழிலால் உலகப் பெயர் பெற்ற டெட்ராய்ட் நகருக்கும் இடையே வேலையின் பொருட்டு ஆட்கள் போய்வருவது புதிதல்ல. அங்கே டிராய், நோவை, கேன்டன் போன்ற புறநகர்களில் மகனையோ மகளையோ பார்த்துவிட்டு வரும் பெற்றோரும், சில ஆண்டுகள் பணிபுரிந்து திரும்பும் பொறியாளர்களும், சிறகு முளைத்த சக்கரத்தைச் சின்னமாகக் கொண்ட சிவப்புச் சட்டை ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அது டெட்ராய்ட் ரெட் விங்ஸ் என்னும் பனித்தரை ஹாக்கி அணியின் சட்டை. ராமநாயக்கன் ஏரிக்கரை நடைப்பயிற்சியிலோ பாகலூர் சாலைத் தேநீர்க் கடையிலோ அந்த அணியைப் பற்றி நடக்கும் வாதத்தில் கலந்துகொள்ள ஆசைப்பட்டும், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிற புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எடுத்துக்கொள்ளும் உதாரணங்கள் பெரும்பாலும் ரெட் விங்ஸ் அணியைச் சேர்ந்தவை. ஆயினும் சொல்லும் முறை, தேசிய ஹாக்கி லீக் எனப்படும் என்.எச்.எல். தொடரில் மறுகட்டமைப்பில் இருக்கும் எந்த அணிக்கும் பொருந்தும்.

அணியின் பின்னணி சுருக்கமாக இதுதான். ரெட் விங்ஸ் 1991 முதல் 2016 வரை தொடர்ந்து 25 பருவங்கள், வழக்கமான ஆட்டங்கள் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுக்குத் தகுதி பெற்றது. அந்தக் காலத்தில் 1997, 1998, 2002, 2008 ஆகிய ஆண்டுகளில் லீக்கின் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை வென்றது. அதன்பின் 2016–17 முதல் 2024–25 வரை 9 பருவங்கள் ஒருமுறைகூட உள்ளே போகவில்லை. அணியின் முன்னாள் தலைவரான ஸ்டீவ் ஐசர்மன் 2019 ஏப்ரலில் பொது மேலாளராகத் திரும்பி வந்து, பழையதைக் கலைத்துப் புதிதாகக் கட்டத் தொடங்கினார். அவர் வந்த முதல் பருவமான 2019–20இல் அணி 71 ஆட்டங்களில் 17ஐ மட்டுமே வென்று 39 புள்ளிகளுடன் லீக்கிலேயே கடைசியாக நின்றது.

எதைப் பற்றி வாதிடுகிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

மறுகட்டமைப்பு அணியைப் பற்றிய வாதம் உண்மையில் இரண்டு வேறு கேள்விகளைப் பற்றியது. இந்த ஏப்ரலில் இந்த அணி பிளேஆஃப் போகுமா என்பது ஒன்று. மூன்று நான்கு ஆண்டுகளில் இந்த அணி கோப்பைக்குப் போட்டியிடும் தரத்துக்கு வருமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு உதவுகிற முடிவு இரண்டாவதைக் கெடுக்கலாம். இரண்டாவதற்காக எடுத்த முடிவு இந்த ஆண்டின் ஆட்டங்களைத் தோற்கடிக்கலாம். எதிரே நிற்பவர் ஒன்றைப் பேசிக்கொண்டிருக்க நாம் மற்றதற்குப் பதில் சொல்வதால்தான் பாதிச் சண்டை மூள்கிறது. ஆகவே யாராவது, "முப்பத்திரண்டு வயசுக்காரரை எதுக்குண்ணா எடுத்தாங்க?" என்று கேட்டால், உடனே பதில் சொல்லாமல், "இந்த வருசத்துக்குக் கேக்கறீங்களா, நாளைக்குக் கேக்கறீங்களா?" என்று திருப்பிக் கேளுங்கள். புதியவராக இருந்தாலும், அந்த ஒரு கேள்வியிலேயே உங்களுக்கு ஓரளவு மரியாதை கிடைத்துவிடும்.

ஆட்டத்தைப் பார்க்கும் நேரம்

டெட்ராய்ட்டில் மாலை 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு மறுநாள் அதிகாலை 5.30 மணி. பருவம் தொடங்கும் அக்டோபரிலும், மார்ச் இரண்டாம் ஞாயிறுக்குப் பிறகும் அங்கே கடிகாரம் ஒரு மணி முன்னால் இருப்பதால் அதுவே 4.30 மணியாகிவிடும். ஓசூரின் மார்கழிக் குளிரில் எழுந்து உட்காருவது எல்லோராலும் ஆகாது; அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் கடைசி 20 நிமிடப் பகுதியை மட்டும் பார்ப்பதும், மற்றவர்கள் சுருக்கக் காட்சிகளைப் பார்ப்பதும் வழக்கம். ஆனால் சுருக்கக் காட்சியில் கோல்கள் மட்டுமே தெரியும். எந்தத் தடுப்பாட்டக்காரரை எந்த எதிரணி வரிசைக்கு (ஒன்றாக இறங்கும் மூன்று முன்னணி வீரர்களுக்கு) எதிராகப் பயிற்சியாளர் இறக்கினார் என்பது தெரியாது. வீரர் தேர்வைப் பற்றி வாதிட விரும்புகிறவர் வாரத்துக்கு ஓர் ஆட்டத்தையாவது முழுதாகப் பார்க்க வேண்டும்.

புள்ளிப் பட்டியலை வாசிக்கும் முறை

லீக்கில் 32 அணிகள். கிழக்கு, மேற்கு என இரண்டு மாநாடுகள் (கான்ஃபரன்ஸ்). ஒவ்வொன்றிலும் 8 அணிகள் கொண்ட இரண்டு பிரிவுகள். ரெட் விங்ஸ் கிழக்கின் அட்லாண்டிக் பிரிவில் பாஸ்டன், பஃபலோ, ஃப்ளோரிடா, மாண்ட்ரியல், ஒட்டாவா, டாம்பா பே, டொராண்டோ ஆகியவற்றோடு ஆடுகிறது. ஒவ்வொரு பிரிவிலும் முதல் 3 அணிகள் நேரடியாகத் தகுதி பெறும். மிச்சமுள்ளவற்றில் மாநாட்டுக்கு 2 அணிகள் வைல்ட் கார்டு இடத்தில் நுழையும். மொத்தம் 16 அணிகள். மறுகட்டமைப்பு அணியின் நம்பிக்கை பெரும்பாலும் அந்த இரண்டாவது வைல்ட் கார்டு இடத்தைச் சுற்றியே இருக்கும் என்பதால், பட்டியலைத் திறந்தவுடன் அந்தக் கோட்டைத் தேடுங்கள்.

வெற்றிக்கு 2 புள்ளி. 60 நிமிடத்துக்குள் தோற்றால் ஒன்றுமில்லை. ஓவர்டைம் எனும் கூடுதல் நேரத்திலோ, அதன்பின் வீரர்கள் தனித்தனியாகக் கோல்கீப்பரை எதிர்கொள்ளும் ஷூட்அவுட்டிலோ தோற்றால் 1 புள்ளி. இந்தக் கடைசி விதிதான் புதியவர்களைத் திணறடிக்கிறது. சமநிலையில் முடிந்து ஓவர்டைமுக்குப் போகும் ஆட்டத்தில் இரண்டு அணிகளுக்கும் சேர்த்து 3 புள்ளிகள் கிடைக்கின்றன. அதனால் முன்னே போகிற அணி தோற்கும்போதும் ஒரு புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும். பின்னால் வருகிறவர் எட்டிப் பிடிப்பது நாம் நினைப்பதைவிடக் கடினம்.

இதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். நம் அணி 4 புள்ளி பின்தங்கியிருக்கிறது, 20 ஆட்டங்கள் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். கடையில் நிற்கும் தம்பி, "நாலு பாயிண்டுதானேண்ணா, ரெண்டு மேட்ச்" என்பார். முன்னே இருக்கும் அணி மிகச் சாதாரணமாக, 10 வெற்றி, 7 தோல்வி, 3 ஓவர்டைம் தோல்வி என்று ஆடினாலே 23 புள்ளிகள் எடுத்துவிடும். அதைத் தாண்ட நமக்கு 28 வேண்டும். அதாவது 13 வெற்றி, 5 தோல்வி, 2 ஓவர்டைம் தோல்வி. பருவம் முழுவதும் சரிபாதி வென்றுவந்த அணி திடீரென்று இருபதில் பதின்மூன்றை வெல்ல வேண்டும். நடுவில் இன்னும் இரண்டு அணிகள் நின்றால், அவை எல்லாமும் ஒருசேரத் தடுமாறவும் வேண்டும்.

எத்தனை புள்ளி எடுத்தால் போதும் என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. கிழக்கில் கடைசி இடம் பிடித்த அணி 2021–22இல் 100 புள்ளிகளும், 2022–23இல் 92 புள்ளிகளும், அடுத்த இரண்டு பருவங்களிலும் 91 புள்ளிகளும் எடுத்திருந்தது. மேற்கிலோ 2024–25இல் 96 புள்ளி எடுத்தும் கால்கரி வெளியே நின்றது. ஆகவே 95ஐ இலக்காக வைத்துக் கணக்குப் போடுவது பாதுகாப்பானது. 54 ஆட்டங்களில் 60 புள்ளி எடுத்திருக்கும் அணிக்கு, 82 ஆட்டப் பருவத்தில் மிச்சமுள்ள 28 ஆட்டங்களின் 56 புள்ளிகளில் 35 தேவை. இது முழுப் பருவத்துக்கு 102 புள்ளி எடுக்கும் அணியின் வேகம். அப்படிப்பட்ட அணியா இது என்று கேட்டுக்கொண்டால் வாதம் தானாகத் தரைக்கு வரும். 2026–27 பருவத்திலிருந்து ஆட்டங்கள் 84 ஆக உயர்வதால் இலக்கையும் இரண்டு மூன்று புள்ளி உயர்த்திக்கொள்ளுங்கள்.

நவம்பர் கடைசி வாரத்தில் வரும் அமெரிக்க நன்றியறிதல் நாளில் தகுதி இடத்தில் இருக்கும் அணிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடைசியிலும் தகுதி பெறுகின்றன என்று ரசிகர்கள் சொல்வதைக் கேட்பீர்கள். பொதுவாக அது சரிதான். ஆனால் 2019 ஜனவரி தொடக்கத்தில் லீக்கிலேயே கடைசியாக நின்ற செயின்ட் லூயிஸ் அதே ஆண்டு கோப்பையை வென்றதையும் எதிரே இருப்பவர் கட்டாயம் சொல்வார். அவர் ஒவ்வோர் ஆண்டும் அதைத்தான் சொல்வார்.

2024 ஏப்ரலின் கடைசி இரவு

புள்ளி சமமானால் என்ன நடக்கும் என்பதை விதிப் புத்தகத்தில் படிப்பதைவிட ஒரு நிகழ்ச்சியில் பார்ப்பது நல்லது. 2023–24 பருவத்தில் வாஷிங்டனும் டெட்ராய்ட்டும் கடைசி இடத்துக்கு மோதின. ஏப்ரல் 16ஆம் தேதி இரவு, நமக்கு மறுநாள் விடியற்காலை, டெட்ராய்ட் மாண்ட்ரியலில் ஆடியது. வாஷிங்டன் பிலடெல்பியாவில் ஆடியது. 60 நிமிடத்துக்குள் வென்றாக வேண்டும் என்ற நெருக்கடியில் இருந்த பிலடெல்பியா, ஆட்டம் 1–1 என்று சமமாக இருக்கும்போதே கோல்கீப்பரை வெளியே அழைத்துவிட்டு ஆறாவது தாக்குதல் வீரரை இறக்கியது. காலியாகக் கிடந்த வலைக்குள் வாஷிங்டனின் டி.ஜே. ஓஷி கோல் அடித்தார். டெட்ராய்ட் தன் ஆட்டத்தை ஷூட்அவுட்டில் 5–4 என்று வென்றும் பயனில்லை.

இரண்டு அணிகளுக்கும் 91 புள்ளிகள். டெட்ராய்ட்டுக்கு 41 வெற்றி, வாஷிங்டனுக்கு 40 வெற்றி. ஆனால் சமநிலையை முறிக்கும் முதல் விதி, ஓவர்டைமும் ஷூட்அவுட்டும் இல்லாமல் 60 நிமிடத்துக்குள் வென்ற ஆட்டங்களின் எண்ணிக்கை. அதில் வாஷிங்டன் தெளிவாக முன்னே இருந்தது. பட்டியலில் அதற்கெனத் தனிப் பத்தி உண்டு. பிப்ரவரியிலிருந்தே அதையும் பார்த்து வாருங்கள். நம் அணி அந்தப் பத்தியில் பின்தங்கியிருந்தால், சமமான புள்ளி என்பது நமக்கு ஒரு புள்ளி குறைவு என்றே பொருள்.

இன்னொன்றையும் அந்தப் பருவம் காட்டுகிறது. வாஷிங்டன் அடித்த கோல்கள் 220, வாங்கிய கோல்கள் 257. அடித்ததைவிட 37 அதிகமாக வாங்கிய அணி உள்ளே போனது. முதல் சுற்றிலேயே நியூயார்க் ரேஞ்சர்ஸிடம் நான்கு ஆட்டங்களையும் தோற்று வெளியே வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அதே இரண்டாவது வைல்ட் கார்டு இடத்தில், 92 புள்ளிகளுடன் நுழைந்த ஃப்ளோரிடாவோ இறுதிப் போட்டிவரை போனது. உள்ளே நுழைந்தால் எதுவும் நடக்கலாம் என்பவரும், தகுதி பெறுவது மட்டுமே தரத்துக்குச் சான்றாகாது என்பவரும், இருவருமே சரியாகத்தான் சொல்கிறார்கள். தரத்தைப் பற்றிப் பேசும்போது கோல் வித்தியாசத்தைப் பார்ப்பதே நல்லது என்பது என் எண்ணம். அந்த ஆண்டு டெட்ராய்ட் தகுதி பெற்றிருந்தால், மறுகட்டமைப்பு முடிந்துவிட்டது என்று பலர் அவசரப்பட்டு எழுதியிருப்பார்கள்.

வீரர் பட்டியலைப் பற்றிப் பேசுமுன் தெரிந்திருக்க வேண்டியவை

அணியில் அதிகபட்சம் 23 பேர். ஆட்டத்துக்கு இறங்குவோர் 20 பேர்: வழக்கமாக 12 முன்னணி வீரர்கள், 6 தடுப்பாட்டக்காரர்கள், 2 கோல்கீப்பர்கள். ஒருவரை எடு என்று சொல்கிறவர் யாரை வெளியே அனுப்புவது என்பதையும் சொல்லியாக வேண்டும். புதியவர்கள் மறக்கும் முதல் விஷயம் இது. பழையவர்கள் மறந்ததுபோல் நடிக்கும் விஷயமும் இதுவே.

அடுத்தது சம்பள உச்சவரம்பு. ஓர் அணி வீரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வரம்பு வைக்கிறது. 2024–25இல் அது 8.8 கோடி டாலர், 2025–26இல் 9.55 கோடி. 2026–27க்கு 10.4 கோடி, 2027–28க்கு 11.35 கோடி என்று லீக் முன்கூட்டியே அறிவித்தது. வரம்பு இப்படி ஏறும்போது, நீண்ட ஒப்பந்தத்தின் தொகையை இன்றைய வரம்போடு மட்டும் ஒப்பிட்டால் தவறான முடிவுக்குப் போவோம். டெட்ராய்ட்டின் இளம் முன்னணி வீரர் லூகாஸ் ரேமண்ட் 2024 செப்டம்பரில் 8 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 80.75 லட்சம் டாலருக்கு ஒப்புக்கொண்டார். அன்றைய வரம்பில் அது 9.2 விழுக்காடு, 2027–28இன் வரம்பில் 7.1 விழுக்காடு. அதே மாதம் அணியின் இளம் தடுப்பாட்டக்காரர் மோரிட்ஸ் சைடர் 7 ஆண்டுகளுக்கு 85.5 லட்சம் என்று கையெழுத்திட்டார். அன்று விலை அதிகம் என்று முணுமுணுத்தவர்கள் இன்று அதைப் பற்றிப் பேசுவதில்லை. இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் நல்ல வீரரை நீண்ட காலத்துக்குக் கட்டிவைப்பது இரண்டாவது கேள்விக்கான முடிவு. அதை இந்த ஆண்டின் கோல் எண்ணிக்கையை வைத்து அளக்கக் கூடாது.

மூன்றாவது, ஒரு வீரர் எந்த வயதில் விடுதலை பெறுகிறார் என்பது. 27 வயது நிறைந்தாலோ 7 பருவங்கள் ஆடியிருந்தாலோ, ஒப்பந்தம் முடிந்ததும் அவர் விரும்பிய அணிக்குப் போகலாம். 19 வயதில் லீக்குக்கு வருபவர் 26 வயதிலேயே போகும் உரிமை பெற்றுவிடுகிறார். இளைஞரைச் சீக்கிரம் மேலே கொண்டுவந்தால் அவருடைய மலிவான ஆண்டுகளை அவர் தடுமாறிக் கற்கும் காலத்திலேயே செலவழித்துவிடுகிறோம்.

"அந்தப் பையனை ஏன் கீழே அனுப்பினார்கள்?" என்ற அக்டோபர்க் கேள்விக்குப் பாதி விடை இங்கேதான் இருக்கிறது. 18, 19 வயது வீரர் ஒரு பருவத்தில் 10 ஆட்டங்களுக்குக் குறைவாக ஆடினால், அவருடைய மூன்றாண்டுத் தொடக்க ஒப்பந்தத்தில் அந்த ஆண்டு கழியாமல் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். ஒன்பது ஆட்டம் ஆடவிட்டுத் திருப்பி அனுப்புவது அதனால்தான். மீதிப் பாதி விடை வேவர்ஸ் என்னும் விதி. குறிப்பிட்ட அனுபவம் உள்ள வீரரைக் கீழ்நிலை லீக்குக்கு அனுப்ப வேண்டுமானால், முதலில் மற்ற 31 அணிகளும் அவரை 24 மணி நேரத்துக்குள் இலவசமாக எடுத்துக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும். இளைஞர்களுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே இருவர் ஏறத்தாழ ஒரே தரத்தில் இருந்தால், மூத்தவர் இங்கே தங்குவார், இளையவர் ரெட் விங்ஸின் துணை அணி இருக்கும் கிராண்ட் ராப்பிட்ஸுக்குப் பேருந்து ஏறுவார். யாரும் யாரையும் வெறுத்துச் செய்கிற காரியமல்ல.

காத்திருப்பு பலன் தருமா என்றால், சைடரைப் பாருங்கள். இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2019இல் 6ஆவதாகத் தேர்வு செய்யப்பட்டபோது பலர் வியந்தார்கள். அவர் ஓராண்டு கிராண்ட் ராப்பிட்ஸிலும் ஓராண்டு சுவீடனிலும் ஆடிவிட்டு 2021இல்தான் மேலே வந்தார். முதல் பருவத்திலேயே சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதை வென்றார்.

மூத்த வீரர்களைச் சேர்ப்பது

சூடு அதிகம் பிறக்கும் இடம் இது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேறெங்கும் போக வேண்டாம். சந்தூரில் ஒட்டுக்கன்று வாங்கி மாந்தோப்பு போடுகிறவர், கன்று காய்ப்புக்கு வரும் சில ஆண்டுகளில் வரிசைக்கு நடுவே நிலக்கடலையோ கொள்ளோ விதைக்கிறார். கன்றுக்குப் போகிற தண்ணீரை அது எடுக்காத வரையிலும், கன்று பரந்து வளரும்போது நிலத்தைவிட்டு விலகிக்கொள்ளும் வரையிலும் அது நல்ல யோசனை.

மூத்த வீரரைச் சேர்க்கும் ஒவ்வொரு முடிவையும் அந்த இரண்டு நிபந்தனைகளால் அளந்து பாருங்கள். அவர் எடுத்துக்கொள்ளும் ஆட்ட நேரம் எந்த இளைஞருக்குரியது? அவருடைய ஒப்பந்தம், இளைஞர்களுக்குப் பெரிய சம்பளம் தர வேண்டிய ஆண்டு வருமுன் முடிகிறதா? 2023 நவம்பரில் இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் வந்த மூத்த முன்னணி வீரர் பேட்ரிக் கேனை ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்தது இந்த அளவுகோலில் தேறுகிறது. பிடிக்கவில்லையென்றால் அடுத்த கோடையில் கைகழுவலாம். 2025 ஜூனில் அனஹைமிடமிருந்து 31 வயது கோல்கீப்பர் ஜான் கிப்சனை வாங்கியதும் ஓரளவு தேறுகிறது. ஆண்டுக்கு 64 லட்சம் டாலர் என்பது கனமான தொகைதான், ஆனால் ஒப்பந்தம் 2026–27உடன் முடிந்துவிடும். இரண்டாம் மூன்றாம் வரிசையில் ஆடும் முப்பது வயதுக்காரருக்கு நான்கு ஐந்து ஆண்டு ஒப்பந்தம் தருவது எந்த அணி செய்தாலும் தேறாது.

கோல்கீப்பரைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கணக்கு. லீக்கின் சராசரியில் ஒரு கோல்கீப்பர் வரும் அடிகளில் சுமார் 90 விழுக்காட்டைத் தடுக்கிறார். ஆட்டத்துக்கு 30 அடி வருகிறது என்று கொண்டால், 91 விழுக்காடு தடுப்பவர் 2.7 கோல் வாங்குவார், 89.5 விழுக்காடு தடுப்பவர் 3.15 வாங்குவார். ஒன்றரை விழுக்காடு வித்தியாசம் 82 ஆட்டங்களில் ஏறத்தாழ 37 கோல்கள். ஆறு கோல் வித்தியாசம் ஒரு வெற்றிக்குச் சமம் என்ற பழக்கக் கணக்கில் அது 12 புள்ளி. வேறு எந்த ஒரு வீரரை மாற்றினாலும் இவ்வளவு கிடைக்காது. இந்த ஆண்டு போகுமா என்ற கேள்வியைப் பேசுகிறவர் முதலில் வலையைப் பார்க்க வேண்டும். முதல் வரிசையைப் பற்றி அப்புறம் பேசலாம்.

ஒரு முடிவை எப்படித் தீர்ப்பது: வால்மன் விவகாரம்

ஐசர்மனைப் பாராட்டுகிறவர்களும் பதில் சொல்லத் தயங்குகிற ஒரு முடிவை எடுத்துக்கொள்வோம். தடுப்பாட்டக்காரர் ஜேக் வால்மனுக்கு ஆண்டுக்கு 34 லட்சம் டாலர் ஒப்பந்தம் இருந்தது. 2024 ஜூனில் டெட்ராய்ட் அவரை சான் ஹோசேவுக்கு அனுப்பியது. பதிலுக்கு வீரர் யாரையும் வாங்கவில்லை. மாறாக, அவரை எடுத்துக்கொள்வதற்குக் கூலியாகத் தன் கையிலிருந்த இரண்டாம் சுற்றுத் தேர்வு (டிராஃப்டில் ஒருவரை எடுக்கும் உரிமை) ஒன்றையும் சேர்த்தே கொடுத்தது. அடுத்த மார்ச்சில் சான் ஹோசே அதே வால்மனை எட்மன்டனுக்கு விற்று ஒரு முதல் சுற்றுத் தேர்வை வாங்கியது.

இதைத் தீர்ப்பதற்கு மூன்று படிகள் உண்டு. முதலில், முடிவெடுத்த நாளில் அணிக்குத் தெரிந்தது என்ன என்று பாருங்கள்: ரேமண்டுக்கும் சைடருக்கும் அந்தக் கோடையிலேயே பெரிய ஒப்பந்தம் தர வேண்டியிருந்தது, சம்பள இடம் தேவைப்பட்டது. பிறகு, வேறு வழி இருந்ததா என்று கேளுங்கள்: பருவம் தொடங்கும்வரை காத்திருந்தால், வேறொரு அணியில் காயம் ஏற்பட்டு வால்மனுக்கு விலை கிடைத்திருக்கலாம். அதன்பின், விடுவித்த பணத்தை எதற்குச் செலவழித்தார்கள் என்று பாருங்கள். 34 லட்சத்தை விடுவித்துவிட்டு, அதே அளவு பணத்தை அதைவிட வயதான வீரர்களுக்குக் கொடுத்தால், அந்த முடிவு இரண்டு கேள்விகளுக்குமே உதவவில்லை. என் தீர்ப்பு அணிக்கு எதிரானது. வாதிடும்போது, "பாத்தீங்களா, எட்மன்டன் முதல் சுற்றையே கொடுத்தாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது பின்னால் நடந்தது. தேர்வு கொடுத்து அனுப்பும் அவசரம் ஜூனில் இருந்ததா என்பதே கேள்வி.

தோற்பது நல்லதா?

பிப்ரவரி வந்ததும் யாராவது, பேசாமல் தோற்றுக் கீழே போனால் நல்ல டிராஃப்ட் இடம் கிடைக்குமே என்பார். டிராஃப்டின் முதல் இடங்கள் யாருக்கு என்று முடிவுசெய்ய, பிளேஆஃப் போகாத 16 அணிகளுக்கும் லாட்டரி நடக்கும். கடைசி அணிக்கு முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு 25.5 விழுக்காடு மட்டுமே. ஆனால் அது மூன்றாம் இடத்துக்குக் கீழே போகாது. 2024இல் கடைசியாக நின்ற சான் ஹோசேவுக்கு முதல் தேர்வில் மேக்லின் செலிப்ரினி கிடைத்தார். 2025இல் மறுபடியும் கடைசியாக நின்றும் முதல் தேர்வு கிடைக்கவில்லை. பத்தாம் இடத்திலிருந்து தாவிய நியூயார்க் ஐலேண்டர்ஸ் அதைக் கொண்டுபோனது. டெட்ராய்ட்டின் கதை இன்னும் கசப்பானது. 39 புள்ளி எடுத்த 2020இல், அன்றைய விதிப்படி, நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. ஐசர்மன் காலத்தில் அணி முதல் மூன்று இடங்களில் ஒருமுறைகூடத் தேர்வு செய்ததில்லை. 6, 4, 6, 8, 9 என்றே வரிசை போனது. மறுகட்டமைப்பு ஏன் இழுத்துக்கொண்டே போகிறது என்பதற்கு அவர்மேல் பழி போடுமுன் இதையும் தராசில் வையுங்கள்.

மாண்ட்ரியலோடு ஒப்பிடுவதும் தவிர்க்க முடியாதது. அது 2021–22இல் கடைசியாக நின்று, முதல் தேர்வில் யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கியை எடுத்து, 2024–25இல் 91 புள்ளியுடன் பிளேஆஃப் போய்விட்டது. அவர்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது என்று டெட்ராய்ட் ரசிகர் சொல்வார். ஆனால் அந்த ஆண்டு கால்டர் விருது வென்ற லேன் ஹட்சனை அவர்கள் எடுத்தது 62ஆம் இடத்தில். லாட்டரி மட்டும் காரணமாக இருந்தால் 62ஆம் இடத்தில் அப்படி ஒருவர் கிடைத்திருக்க மாட்டார். வீரர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஆட்களின் கண்ணுக்கும் பங்குண்டு. மறுபக்கம் பஃபலோ முதல் தேர்வை இரண்டு முறை பெற்றும் 2011க்குப் பிறகு 2024–25 வரை 14 பருவங்கள் உள்ளே போகவில்லை. தோற்பதால் கிடைப்பது ஒரு வாய்ப்பு மட்டுமே என்பதற்கு இந்த இரண்டு அணிகளும் போதும்.

ஆண்டின் நாட்காட்டி

மார்ச் தொடக்கத்தில், அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் டிரேடுக்குக் கெடு முடியும். அந்த வாரம் முழுவதும் வாதம் உச்சத்தில் இருக்கும். அதற்கு முந்தைய ஞாயிறே, மேலே சொன்ன 95 புள்ளிக் கணக்கைப் போட்டு ஒரு தாளில் எழுதிவையுங்கள். தேவைப்படும் வேகம் அணி இதுவரை ஆடிய வேகத்தைவிட மிக அதிகமானால், ஜூலையில் ஒப்பந்தம் முடியும் மூத்தவர்களை விற்பதே முறை; நெருக்கமாக இருந்தால், டிராஃப்ட் தேர்வுகளைப் பெரிதாக இழக்காமல் ஒருவரை வாங்கலாம். இரண்டும் செய்யாமல் நிற்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் காரணம் கேட்கலாம். பணம் பேசும்போது, விற்கும் அணி வீரரின் சம்பளத்தில் பாதிவரை தானே ஏற்றுக்கொள்ளலாம் என்பதை மறவாதீர்கள். அப்படி ஏற்கிற அணிக்கு விலை கூடுதலாகக் கிடைக்கும்.

வாதத்தில் நடந்துகொள்ளும் முறையையும் ஒரு வரி சொல்லியாக வேண்டும். ஏரிக்கரைக் கூட்டத்தில் 1997ஐப் பார்த்த பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம், "சார், உங்க காலத்துல சம்பள வரம்பே கிடையாதே" என்று பணிவாகச் சொன்னால் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்வார்கள், அதையே ஏளனமாகச் சொன்னால் அன்றோடு பேச்சு முடிந்தது. அந்த வரம்பு வந்தது 2005இல் என்பதால் நீங்கள் சொல்வதும் உண்மைதான்.

ஏப்ரல் நடுவில் பருவம் முடிந்ததும் லாட்டரியும், ஜூன் கடைசியில் டிராஃப்டும் வரும். ஜூலை 1ஆம் தேதி அங்கே நண்பகல், நமக்கு இரவு 9.30 மணிக்கு, விடுதலை பெற்ற வீரர்களின் சந்தை திறக்கும். தூக்கம் கெடாமல் பார்க்கக்கூடிய ஒரே பெரிய நாள் அதுதான். முதல் ஒரு மணி நேரத்தில் வரும் ஒப்பந்தங்களில்தான் விலை கண்டபடி ஏறியிருக்கும். ஒவ்வொரு அறிவிப்பிலும் முதலில் ஆண்டுகளின் எண்ணிக்கையைப் படியுங்கள், அடுத்து வீரரின் வயதைக் கூட்டிப் பாருங்கள், தொகையைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.